கைவிளக்கு ஏந்திய காரிகை கற்ற மூன்று பாடங்கள்



பரிசளிப்பு விழா என்றால் மேடையில் புத்தகமும் கோப்பையும் கைமாறும். கைதட்டல் கேட்கும். மறுநாள் காலையில் அம்மா அப்பா மறுபடியும் வேலைக்குப் போய்விடுவார்கள். ஆனால் பரிசு வாங்கிய பிள்ளையின் மனதில் ஒரு கேள்வி மட்டும் தங்கிவிடும். அடுத்து நான் என்ன படிக்கலாம் என்பதுதான் அந்தக் கேள்வி.

நம் பள்ளியில் படித்து இடைநிலைப்பள்ளிக்குப் போன ஒரு பெண்பிள்ளையின் தாயார் ஒருநாள் என்னைத் தேடி வந்தார். மகளுக்குத் தாதிப் படிப்பில் ஆசையாம். கணக்குப் பாடமும் விடமாட்டாளாம். போதாக்குறைக்குக் கதைப் புத்தகம், சரித்திரம் என்று எந்நேரமும் படித்துக்கொண்டே இருக்கிறாளாம். மூணு ஓடத்தில் காலை வைத்தால் கரை சேர முடியுமா, ஏதாவது ஒண்ணைப் பிடிச்சுக்கச் சொல்லுங்க என்று கேட்டார். நோயாளியின் மலஜலம் அள்ளும் வேலைக்கு இத்தனை படிப்பு எதற்கு என்றும் அவருக்கு மனதில் ஒரு குறை.

அந்தத் தாயாருக்கு அன்று நான் பதில் சொல்லவில்லை. ஒரு கதை சொன்னேன். அந்தக் கதையைத்தான் இந்த மலரில் உங்களுக்கும் சொல்லப் போகிறேன். இது கற்பனைக் கதையல்ல. உலகமே அறிந்த புளோரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையாரின் வாழ்க்கை. கைவிளக்கு ஏந்திய காரிகை என்று நம் பாடப்புத்தகங்களில் படித்திருப்பீர்கள். அவர் கையில் இருந்த விளக்கைப் பற்றி எல்லோருக்கும் தெரியும். அதே கையில் இருந்த கணக்குப் புத்தகத்தைப் பற்றித் தெரிந்தவர்கள் குறைவு. கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

செல்வத்தில் பிறந்த சிறுமி

1820-ஆம் ஆண்டு மே மாதம் 12-ஆம் நாள், இத்தாலி நாட்டிலுள்ள புளோரன்ஸ் நகரில் ஓர் ஆங்கிலேயக் குடும்பத்தில் அவர் பிறந்தார். பெற்றோர் அங்கே நெடும்பயணம் போயிருந்த சமயம். பிறந்த ஊரின் பெயரையே பிள்ளைக்கு வைத்தார்கள். அவருடைய அக்காள் பிறந்தது நேப்பிள்ஸ் நகரில். அந்த நகரின் பழைய கிரேக்கப் பெயரான பார்த்தினோப் என்பதை மூத்தவளுக்குச் சூட்டியிருந்தார்கள்.

குடும்பத்துக்குச் செல்வத்தில் குறைவே இல்லை. இங்கிலாந்தில் இரண்டு பெரிய மாளிகைகள். ஒன்று டார்பிஷயர் பகுதியில், இன்னொன்று ஹாம்ப்ஷயர் பகுதியில். வண்டி, குதிரை, வேலையாட்கள் எல்லாம் உண்டு. தந்தையார் வில்லியம் நைட்டிங்கேல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் படித்தவர். அவருக்கு ஆண் பிள்ளை கிடையாது. இரண்டும் பெண்கள்.

அந்தக் காலத்தில் இங்கிலாந்தில் ஒரு பெண் பல்கலைக்கழக வாசலை மிதிக்க முடியாது. ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகம் பெண்களுக்குப் பட்டம் கொடுக்கத் தொடங்கியது 1920-இல்தான். கேம்பிரிட்ஜ் அதற்கும் பிந்தி, 1948-இல். நினைச்சுப் பாருங்க, நம் பாட்டிமார் காலம் வரைக்கும் அந்தக் கதவு சரியாகத் திறக்கவில்லை. புளோரன்ஸ் என்ன செய்வார்?

கதவு திறக்காவிட்டால் என்ன, வீட்டுக்குள்ளேயே ஒரு பல்கலைக்கழகத்தைத் தந்தையார் உண்டாக்கிவிட்டார். தம் பெண்களுக்குத் தாமே ஆசிரியராக அமர்ந்தார். லத்தீன், கிரேக்கம், பிரெஞ்சு, ஜெர்மன், இத்தாலி ஆகிய மொழிகள். அதோடு சரித்திரம், தத்துவம். இன்றைய பேச்சில் சொன்னால் இவையெல்லாம் கலைப் பாடங்கள். அக்காளுக்குப் பாடம் சலித்துப்போகும். தங்கையோ தந்தையின் நூலகத்தை விட்டு எழுந்திருக்க மாட்டாள்.

ஆனால் அவள் மனம் தேடியது இன்னொரு பாடத்தை. அதுதான் கணக்கு. பெண்பிள்ளைக்குக் கணக்கு எதற்கு, தையலும் நடனமும் போதாதா என்று தாயார் மறுத்தார். மகள் விடவில்லை. மன்றாடி மன்றாடிக் கடைசியில் கணக்கு ஆசிரியரிடம் பாடம் கேட்க அனுமதி வாங்கினாள். விடியற்காலையில் வீடு தூங்கும்போதே எழுந்து படித்தாள். பெற்றோர்களே, தன் பெண் கணக்குப் படிக்க வேண்டாம் என்று அந்தத் தாய் சொன்ன சொல் நின்றிருந்தால் எத்தனை ஆயிரம் உயிர் போயிருக்கும் என்பதைப் பின்னால் பார்ப்போம்.

வீட்டில் நடந்த போராட்டம்

1837-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம், பதினாறு வயதில், கடவுள் தன்னை ஏதோ ஒரு பணிக்கு அழைக்கிறார் என்று புளோரன்ஸ் உணர்ந்தார். என்ன பணி என்று தெரியவில்லை. மாளிகைக்குப் பக்கத்துக் குடிசைகளில் நோயாளிகளைப் பார்க்கப் போனபோது, அந்தப் பணி நோயாளிகளைப் பேணுவதுதான் என்று தெளிவு பிறந்தது.

1845-இல், பக்கத்து ஊரான சாலிஸ்பரியில் உள்ள மருத்துவமனையில் சில மாதம் தங்கித் தாதி வேலை பழகட்டுமா என்று வீட்டில் கேட்டார். இடி விழுந்தது போல் ஆயிற்று. அந்தக் காலத்து மருத்துவமனை இன்றைய மருத்துவமனை மாதிரி இல்லை. அழுக்கும் நாற்றமும் நிறைந்த இடம். தாதி என்றால் படிப்பில்லாதவள், குடிப்பவள், வேறு வேலை கிடைக்காதவள் என்ற பெயர். அந்த வேலைக்கு நம் வீட்டுப் பெண்ணா என்று தாயார் அழுதார். அக்காள் மயங்கி விழாத குறை. தந்தையாரும் சம்மதிக்கவில்லை.

ஒரு வருஷம், இரண்டு வருஷம் அல்ல. எட்டு ஆண்டுகள் போராட்டம் நீடித்தது. நல்ல குடும்பத்திலிருந்து, நல்ல குணமுள்ள ஒருவர் பெண் கேட்டு வந்தார். புளோரன்ஸுக்கும் அவர்மேல் பிரியம் உண்டு. இருந்தும் 1849-இல் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். மணம் முடித்தால் தன் பணி முடிந்துபோகும் என்ற பயம். அவர் சொன்னது சரியா தவறா என்று நாம் தீர்ப்பு சொல்ல வேண்டாம். அன்றைய பெண்ணுக்கு இரண்டும் சேர்ந்து கிடைக்காது என்பதை மட்டும் தெரிந்துகொள்வோம்.

அந்த எட்டு ஆண்டும் அவர் சும்மா இருக்கவில்லை. மருத்துவமனை அறிக்கைகளையும் பொதுச் சுகாதார அறிக்கைகளையும் வரவழைத்தார். மெழுகுவத்தி வெளிச்சத்தில் புள்ளிவிவரங்களைப் பிரித்து எழுதி நோட்டு நோட்டாகச் சேர்த்தார். எந்த ஊரில் எத்தனை படுக்கை, எத்தனை சாவு, ஏன் என்று ஆராய்ந்தார். எகிப்து, கிரேக்கம் வரை பயணம் செய்து, வழியில் மருத்துவமனைகளைப் பார்த்தார். 1851-இல் ஜெர்மனியில் கைசர்ஸ்வெர்த் என்னும் ஊரில், பாதிரியார் ஃபிளீட்னர் நடத்திய நிலையத்தில் மூன்று மாதம் தங்கிப் பயிற்சி பெற்றார். மாளிகையில் வளர்ந்தவர், அங்கே விடியற்காலையில் எழுந்து, எளிய உணவு உண்டு, புண்ணைக் கழுவி வேலை பழகினார். அவர் வாழ்நாளில் பெற்ற முறையான பயிற்சி ஏறக்குறைய அவ்வளவுதான்.

ஜாம் முதல் சுடுதண்ணீர் வரை

1853-இல் லண்டனில் ஹார்லி தெருவில், வசதி குறைந்த கண்ணியமான பெண்களுக்காக நடந்த ஒரு சிறு மருத்துவ நிலையத்துக்கு அவர் மேற்பார்வையாளர் ஆனார். சம்பளம் கிடையாது. தந்தையார் மனம் இளகி, ஆண்டுக்கு 500 பவுன் செலவுக்குக் கொடுத்தார்.

அங்கே அவர் செய்தது என்ன தெரியுமா? வெறும் நோயாளி பராமரிப்பு அல்ல. வணிகப் படிப்பு என்று நாம் இன்று சொல்கிறோமே, அதைத்தான் நடத்திக் காட்டினார். மாடிக்கு மாடி தாதிகள் வாளி சுமந்து ஏறி இறங்கிக் களைத்துப் போனார்கள். ஒவ்வொரு மாடிக்கும் குழாயில் சுடுதண்ணீர் வரச் செய்தார். சமையலறையிலிருந்து சாப்பாட்டைத் தூக்கி அனுப்ப ஒரு சிறு தூக்கி வைத்தார். எந்த நோயாளி கூப்பிட்டார் என்று தெரியும்படி மணி வைத்தார். மளிகைச் சாமான்களைச் சில்லறையாக வாங்காமல் மொத்தமாக வாங்கினார். ஜாம் கூட நிலையத்திலேயே காய்ச்ச வைத்தார். வரவு செலவை அன்றன்றைக்கே எழுதினார்.

ஒரு தாதிக்கு மாடி ஏறும் நேரம் மிச்சமானால் அந்த நேரம் நோயாளிக்குக் கிடைக்கிறது. ஒரு ஷில்லிங் மிச்சமானால் அது இன்னொரு நோயாளிக்குக் கஞ்சியாகிறது. செக்ரோல் எழுதும் கிராணிக்கும், சம்பளத்தைப் பங்கிட்டு மாதம் முழுதும் ஓட்டும் நம் வீட்டுத் தாய்மாருக்கும் இது நன்றாகப் புரியும். கணக்கும் கருணையும் பகை அல்ல.

ஸ்கூட்டாரி

1854-இல் இங்கிலாந்தும் பிரான்சும் துருக்கிக்குத் துணையாக ரஷ்யாவை எதிர்த்துக் கிரிமியா என்னும் இடத்தில் போரிட்டன. காயம்பட்ட ஆங்கிலப் படைவீரர்களைக் கப்பலில் ஏற்றி, இன்றைய இஸ்தான்புல் நகருக்கு எதிர்க்கரையில் உள்ள ஸ்கூட்டாரிக்குக் கொண்டு வந்தார்கள். அங்கே அவர்கள் கவனிப்பாரின்றிக் கிடந்த கொடுமையை டைம்ஸ் பத்திரிகையின் நிருபர் எழுதினார். நாடே கொதித்தது. போர்த்துறை அமைச்சராக இருந்த சிட்னி ஹெர்பர்ட் புளோரன்ஸின் நண்பர். அவர் வேண்டுகோளை ஏற்று, 38 தாதிகளுடன் அக்டோபர் 21-ஆம் நாள் லண்டனை விட்டுப் புறப்பட்டார் புளோரன்ஸ். நவம்பர் 4-ஆம் நாள் ஸ்கூட்டாரி போய்ச் சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது 34.

அங்கே என்ன இருந்தது என்று கேட்பதைவிட என்ன இல்லை என்று கேட்பது எளிது. சோப்பு இல்லை, துவாலை இல்லை, கழுவத் தொட்டி இல்லை. எலியும் பேனும் ஏராளம். பெரிய படைவீட்டைத்தான் மருத்துவமனை என்று பெயர் மாற்றி வைத்திருந்தார்கள். கட்டடத்தின் அடியில் அடைத்துக்கொண்ட சாக்கடைகள்.

மருத்துவர்களில் பலர் தாதிகளை உள்ளே விடவில்லை. பெண்கள் வந்து எங்களுக்குச் சொல்லித் தருவதா என்ற கோபம். புளோரன்ஸ் சண்டை போடவில்லை. மருத்துவர் கூப்பிடாமல் எந்தத் தாதியும் நோயாளியிடம் போகக் கூடாது என்று தம் பெண்களுக்கே உத்தரவு போட்டார். துணி தைத்துக்கொண்டு, கட்டுத்துணி சுருட்டிக்கொண்டு காத்திருந்தார்கள். சில நாளில் இன்கர்மன் போரில் காயம்பட்டவர்கள் கூட்டங்கூட்டமாக வந்து குவிந்தார்கள். மருத்துவர்களே ஆள் அனுப்பிக் கூப்பிட்டார்கள். பொறுமைக்கு இருக்கும் பலத்தைப் பாருங்கள்.

டைம்ஸ் பத்திரிகை மக்களிடம் திரட்டிய நிதியும், அவருக்கு நேரே வந்த நன்கொடையும் அவர் கையில் இருந்தன. பாரம் நிரப்பு, கையெழுத்து வாங்கு, மேலிடத்தைக் கேள் என்று இராணுவப் பண்டகசாலை இழுத்தடித்தபோது, அவர் கடைத்தெருவுக்கு ஆள் அனுப்பித் தரை தேய்க்கும் பிரஷ், சட்டை, தட்டு, கரண்டி எல்லாம் வாங்கினார். ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து, கொப்பரை வைத்து, படைவீரர்களின் மனைவிமாரைச் சம்பளத்துக்கு அமர்த்திச் சலவை நிலையம் நடத்தினார். எரிந்து பாழாய்க் கிடந்த ஒரு பகுதியைச் சுமார் 200 வேலையாட்களை வைத்துப் பழுது பார்த்தார். ஒவ்வொரு காசுக்கும் கணக்கு வைத்தார்.

இன்னொரு காரியமும் செய்தார். படைவீரர்கள் சம்பளத்தை எல்லாம் குடித்தே தீர்க்கிறார்கள் என்று அதிகாரிகள் அலட்சியமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். வீட்டுக்குப் பணம் அனுப்ப வழி இருந்தால் அனுப்புவார்கள் என்று நம்பினார் புளோரன்ஸ். பண அஞ்சல் வசதிக்கு ஏற்பாடு செய்தார். ஆறு மாதத்துக்குள் சுமார் 71,000 பவுன் குடும்பங்களுக்குப் போய்ச் சேர்ந்தது. படிக்க அறை, எழுதத் தாள், காப்பிக் கடை என்று குடிக்கு மாற்று வழியும் உண்டாக்கினார். தோழர்களே, தோட்டத்தில் சம்பள நாளன்று என்ன நடக்கும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. குடிக்கிறவனைத் திட்டுவதோடு நில்லாமல், வேறு வழி காட்டினார் அந்த அம்மையார்.

இரவில் எல்லோரும் ஓய்ந்த பிறகு, விளக்கை ஏந்திக்கொண்டு நீண்ட கூடங்களில் தனியே நடந்து ஒவ்வொரு படுக்கையாகப் பார்ப்பார். அந்தப் படம்தான் உலகத்தின் மனதில் நின்றுவிட்டது. 1855 மே மாதம் போர்முனைக்குப் போனபோது அவரே கடுங்காய்ச்சலில் விழுந்து உயிர் பிழைத்தார். அந்த நோயின் வேர் வாழ்நாள் முழுதும் அவரை விடவில்லை.

கணக்கு சொன்ன உண்மை

இப்போதுதான் முக்கியமான இடத்துக்கு வருகிறோம். பலர் எழுதும்போது இந்த இடத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

புளோரன்ஸ் போய்ச் சேர்ந்ததும் சாவு குறைந்ததா? இல்லை. அந்தக் குளிர்காலத்தில் ஏறியது. 1855 பிப்ரவரி மாதத்தில், ஸ்கூட்டாரியில் சிகிச்சை பெற்றவர்களில் நூற்றுக்குச் சுமார் 42 பேர் இறந்தார்கள். தாதிகள் இரவும் பகலும் பாடுபட்டும் பயன் இல்லை. மார்ச் மாதம் லண்டனிலிருந்து ஒரு சுகாதாரக் குழு வந்தது. மருத்துவர் சதர்லாந்தும் பொறியாளர் ராலின்சனும் அதில் இருந்தார்கள். சாக்கடைகளைக் கழுவினார்கள். குடிதண்ணீர் வரும் வழியில் செத்துக் கிடந்த மிருகத்தை எடுத்து எறிந்தார்கள். சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள். காற்று வர வழி செய்தார்கள். ஜூன் மாதத்தில் நூற்றுக்கு 2 என்ற அளவுக்குச் சாவு இறங்கியது.

போர் முடிந்து 1856-இல் நாடு திரும்பினார். ஊர் திரண்டு வரவேற்கக் காத்திருந்தது. அவரோ மிஸ் ஸ்மித் என்று பெயர் மாற்றிக்கொண்டு, சத்தமில்லாமல் வீடு போய்ச் சேர்ந்தார். பட்டினியும் களைப்பும் முற்றிப்போன நிலையில் வீரர்கள் வந்ததால்தான் இறந்தார்கள் என்று முதலில் அவர் எண்ணியிருந்தார். பிறகு புள்ளிவிவர அறிஞர் வில்லியம் ஃபார் என்பவரோடு உட்கார்ந்து எண்களைக் கூட்டிக் கழித்துப் பார்த்தார். எண்கள் வேறு உண்மை சொல்லின. போரில் பட்ட காயத்தால் இறந்தவர்களைவிடத் தடுக்கக்கூடிய நோயால் இறந்தவர்கள் பல மடங்கு அதிகம். அதிலும், தாம் அல்லும் பகலும் பாடுபட்ட ஸ்கூட்டாரி மருத்துவமனையே பலரைக் கொன்றிருக்கிறது. அதன் சாக்கடையும் கெட்ட காற்றும் நெரிசலுமே காரணம்.

இந்த நிலையில் நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்? நாடே தெய்வமாகக் கொண்டாடுகிறது. படம் விற்கிறார்கள், பாட்டுப் பாடுகிறார்கள். உண்மையோ கணக்குத் தாளில் மட்டும் இருக்கிறது. மூடி வைத்துவிட்டால் யாருக்கும் தெரியாது. அவர் மூடவில்லை. நூற்றுக்கணக்கான பக்கங்களில் அறிக்கை எழுதி, சொந்தச் செலவில் அச்சடித்து, செல்வாக்குள்ளவர்களுக்கெல்லாம் 1858-இல் அனுப்பினார்.

எண்களை அடுக்கினால் அமைச்சர்கள் படிக்க மாட்டார்கள் என்று அவருக்குத் தெரியும். ஆகவே கணக்கைப் படமாக்கினார். வட்டத்தைப் பன்னிரண்டு மாதத்துக்குப் பன்னிரண்டு துண்டாக வெட்டினார். தடுக்கக்கூடிய நோயால் வந்த சாவு நீலம், காயத்தால் வந்த சாவு சிவப்பு, மற்றவை கறுப்பு. எண்ணிக்கைக்கு ஏற்றபடி துண்டின் பரப்பு விரியும். பார்த்தால் எங்கும் நீலம்தான். சிவப்பு நடுவில் ஒட்டிக்கொண்டிருக்கும். படிக்காதவனும் ஒரே பார்வையில் புரிந்துகொள்ளும் படம் அது. சித்திரமும் கணக்கும் மருத்துவமும் ஒரே தாளில் கூடிய அதிசயம்! அதே 1858-இல் லண்டன் புள்ளிவிவரச் சங்கம் அவரை உறுப்பினராக ஏற்றுக்கொண்டது. அந்தச் சங்கத்தில் இடம் பெற்ற முதல் பெண் அவரே. கணக்கு எதற்கு என்று தடுக்கப்பட்ட அதே பெண்பிள்ளைதான்.

போர் இல்லாத காலத்திலும், படைவீட்டில் வாழும் திடமான இளைஞர்கள் வெளியே வாழும் அதே வயதினரைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு இறந்தார்கள் என்பதையும் அவர் கணக்கிட்டுக் காட்டினார். அரச ஆணைக்குழு அமைந்தது. படைவீடுகள் திருத்தப்பட்டன. இராணுவ மருத்துவக் கல்வி தொடங்கியது.

தாதிப் பள்ளி

நன்றியுள்ள மக்கள் திரட்டிக் கொடுத்த நிதி சுமார் 45,000 பவுன். அதில் தமக்கென்று ஒரு காசும் எடுக்காமல், 1860-இல் லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் தாதிப் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். முதலில் சேர்ந்தவர்கள் 15 பேர். தங்க இடம், உணவு, உடை, கைச்செலவுக்குப் பணம் எல்லாம் உண்டு. ஒழுக்கத்துக்கும் வேலைத்திறனுக்கும் மாதா மாதம் மதிப்பெண் போட்டார்கள். அங்கே பயின்ற தாதிகள் பல நாடுகளுக்குப் போய்த் தாங்களும் பள்ளி தொடங்கினார்கள். லூசி ஆஸ்பர்ன் என்பவர் ஐந்து தாதிகளோடு 1868-இல் ஆஸ்திரேலியாவின் சிட்னி நகருக்குப் போனார். இப்படித்தான், ஒரு காலத்தில் இழிவாகப் பேசப்பட்ட வேலை மதிப்புள்ள தொழிலாயிற்று.

தாதிமை பற்றி அவர் எழுதிய புத்தகம் 1859-இல் வெளிவந்தது. உழைக்கும் மக்கள் வாங்கிப் படிக்கும்படி, விலை குறைந்த பதிப்பு ஒன்றை 1861-இல் கொண்டுவந்தார். அதில் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் சிறு பெண்களுக்கென்றே ஓர் அத்தியாயம் சேர்த்தார். அம்மா வேலைக்குப் போனபின் தம்பி தங்கையை இடுப்பில் தூக்கிக்கொண்டு நின்ற அக்காள்மார் நம் தோட்டங்களிலும் எத்தனை பேர்! அவர்களையும் மறக்காத மனம் அவருடைய மனம்.

அவரிடம் குறையே இல்லையா என்று கேட்பீர்கள். இருந்தது. கிருமிகளால் நோய் பரவுகிறது என்ற புதிய அறிவை ஏற்க அவர் வெகுநாள் தயங்கினார். கெட்ட காற்றும் அழுக்குமே காரணம் என்று நம்பினார். தேர்வு வைத்துத் தாதிகளைப் பதிவு செய்யும் திட்டத்தையும் எதிர்த்தார். பெரியவர்களும் தவறுவார்கள். ஆனால் சுத்தத்தை அவர் விடாது பிடித்ததால், காரணத்தில் பிழை இருந்தும் காரியத்தில் நன்மை விளைந்தது.

நம் முன்னோர்க்காகவும் அழுத எண்கள்

இந்தியாவுக்கு அவர் ஒருநாளும் வந்ததில்லை. ஆனால் 1859-இல் இந்தியாவிலிருந்த படையின் சுகாதாரத்தை ஆராய ஆணைக்குழு அமைந்தபோது, அதற்கு உயிராக இருந்தவர் அவர்தான். ஊர் ஊராகப் படைமுகாம்களுக்குக் கேள்வித்தாள் அனுப்பி, வந்த மலைபோன்ற பதில்களைப் படுக்கையிலிருந்தபடியே ஆராய்ந்தார். ஆண்டுக்கு ஆயிரத்துக்கு 69 பேர் இறக்கிறார்கள் என்று 1863-இல் அறிக்கை வந்தது. பத்தாண்டில் அது 18-ஆகக் குறைந்தது.

படைவீரனோடு அவர் நிற்கவில்லை. கிராமத்துக் குடியானவனின் தண்ணீர், நிலம், கடன் பற்றியெல்லாம் கேட்கத் தொடங்கினார். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைத் தாது வருஷப் பஞ்சம் சூறையாடியது. இலட்சக்கணக்கில் மக்கள் மாண்டார்கள். பஞ்சத்தைத் தடுக்க வாய்க்காலும் நீர்ப்பாசனமும் வேண்டும் என்று பொறியாளர் ஆர்தர் காட்டனோடு சேர்ந்து அம்மையாரும் வாதாடினார். கந்துவட்டிக்காரன் பிடியில் உழவன் படும் பாட்டை 1878-இல் இங்கிலாந்துப் பத்திரிகையில் எழுதினார். அந்தப் பஞ்சத்தாலும் வறுமையாலும் ஊரை விட்டுக் கப்பலேறி, மலாயாவின் கரும்பு, காப்பித் தோட்டங்களுக்கு வந்தவர்களின் வழித்தோன்றல்கள் நம்மில் உண்டு. நம் முன்னோர் பசித்துக் கிடந்த காலத்தில், லண்டனில் ஒரு நோயாளிப் பெண் அவர்களுக்காகக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார் என்பதை நாம் தெரிந்துகொள்ள வேண்டும்.

பல்கலைக்கழகத்துக்கு ஒரு விண்ணப்பம்

கலைப் பாடத்தையும் அவர் கைவிடவில்லை. ஆக்ஸ்போர்டில் பேராசிரியராக இருந்த ஜோவெட் என்பவர் கிரேக்க ஞானி பிளேட்டோவின் நூல்களை மொழிபெயர்த்தபோது, புளோரன்ஸ் அதைப் படித்துத் திருத்தக் குறிப்புகள் எழுதி அனுப்பினார். பல்கலைக்கழகம் போகாதவர் பல்கலைக்கழகப் பேராசிரியருக்குக் குறிப்பு எழுதினார்!

1891-ஆம் ஆண்டுவாக்கில், எழுபது வயதைத் தாண்டிய நிலையில், ஆக்ஸ்போர்டில் புள்ளிவிவரத்தைச் சமூக நன்மைக்குப் பயன்படுத்தக் கற்றுத்தர ஒரு பேராசிரியர் பதவி அமைக்க வேண்டும் என்று முயன்றார். நாட்டை ஆள்கிறவர்கள் அங்கே படித்துத்தான் வருகிறார்கள். எண்களைப் படிக்கத் தெரியாமல் சட்டம் போடுகிறார்கள் என்பது அவருடைய வருத்தம். தம் பணத்தைக் கொடுக்கவும் தயாராக இருந்தார். அறிஞர் கால்டனோடு கடிதப் போக்குவரத்து நடந்தது. ஆனால் காரியம் கைகூடவில்லை. அந்த ஏமாற்றத்தோடுதான் அவர் போனார்.

முதுமையில் கண்பார்வை மங்கி மறைந்தது. 1907-இல் இங்கிலாந்து மன்னர் ஆர்டர் ஆஃப் மெரிட் என்னும் உயர்ந்த விருதை அளித்தார். அதைப் பெற்ற முதல் பெண் அவர். 1910 ஆகஸ்ட் 13-ஆம் நாள், 90-ஆம் வயதில், உறக்கத்தில் உயிர் பிரிந்தது. மன்னர்கள் உறங்கும் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் அடக்கம் செய்ய இடம் தர முன்வந்தார்கள். அவர் விருப்பத்தை மதித்துக் குடும்பத்தார் மறுத்து, கிராமத்துத் தேவாலயத்தில் அடக்கம் செய்தார்கள். கல்லில் முழுப்பெயர் கூட இல்லை. பெயரின் இரண்டு முதலெழுத்தும், பிறந்த தேதியும் இறந்த தேதியும் மட்டுமே. அவர் பிறந்த மே 12-ஆம் நாளை உலகத் தாதியர் நாளாகக் கொண்டாடுகிறோம்.

பெற்றோர்களே, கொஞ்சம் கேளுங்கள்

அவருக்குத் திறக்காத கதவு பின்னாளில் மெல்லத் திறந்தது. 1907-இல் அமெரிக்காவில் நியூயார்க் நகரின் கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆசிரியர் கல்லூரியில், அடிலெய்டு நட்டிங் என்னும் தாதி பேராசிரியர் ஆனார். உலகத்திலேயே முதல் தாதிமைப் பேராசிரியர் அவர். 1956-இல் ஸ்காட்லாந்தின் எடின்பரோ பல்கலைக்கழகம் தாதிமைக் கல்வியைத் தொடங்கியது. இன்று தாதிமை பட்டப்படிப்பாகிவிட்டது. ஆஸ்திரேலியாவில் சில பல்கலைக்கழகங்களில் தாதிமையோடு வணிகத்தையோ கலைப் பாடத்தையோ சேர்த்து இரட்டைப் பட்டமாகவே படிக்கலாம். ஒரு வார்டை நடத்தும் தலைமைத் தாதிக்கு இன்று மூன்றும் தேவைப்படுகிறது. மருந்தின் அளவும் தெரிய வேண்டும். ஆள் பலமும் செலவும் பார்த்து வேலையைப் பங்கிடவும் தெரிய வேண்டும். நோயாளியின் மொழியும் மனமும் புரிய வேண்டும்.

என்னைத் தேடி வந்த தாயாரிடம் இதைத்தான் சொன்னேன். அம்மா, உங்கள் மகள் மூணு ஓடத்தில் கால் வைக்கவில்லை. ஒரே ஓடத்துக்குத் துடுப்பும் பாயும் சுக்கானும் சேர்க்கிறாள். நோயாளியைத் தொடும் கை தாதிமை. அந்தக் கைக்கு வேண்டியதை நேரத்துக்குக் கிடைக்கச் செய்வது கணக்கும் வணிகமும். தொடப்படுகிறவனும் நம்மைப் போல ஒரு மனிதன் என்று உணர வைப்பது கலை. ஒன்றை விட்டால் மற்றது நொண்டும்.

அந்தத் தாயார் உடனே சரி என்று சொல்லிவிடவில்லை. பணத்துக்கு எங்கே போவது என்று கேட்டார். நியாயமான கேள்வி. புளோரன்ஸுக்கு மாளிகை இருந்தது, நமக்கு இல்லை என்பதை நானும் மறைக்கவில்லை. ஆனால் அவருக்கு இல்லாத ஒன்று நம் பிள்ளைகளுக்கு இருக்கிறது. பள்ளி வாசல் திறந்திருக்கிறது. உபகாரச் சம்பளம், கல்விக் கடன் என்று கேட்டுப் பார்க்க இடங்கள் உண்டு. விண்ணப்பம் எழுத ஆசிரியர்கள் நாங்கள் இருக்கிறோம். கூச்சப்படாமல் வாருங்கள். எஸ்.பி.எம். தேர்வுக்குப் பிறகு வருவதைவிட, இரண்டு ஆண்டு முன்னதாகவே வாருங்கள்.

மாணவச் செல்வங்களே, உங்களுக்கும் ஒரு சொல். வாய்பாடு மனனம் செய்யும்போது சலிப்பு வருகிறதா? அதே எண்கள் ஒரு காலத்தில் ஆயிரக்கணக்கான உயிரைக் காத்தன என்று நினைத்துக்கொள்ளுங்கள். கதைப் புத்தகம் படிக்கிறபோது நேரம் வீணாகிறது என்று யாராவது சொன்னால், படித்து முடித்துவிட்டு அம்மாவுக்கு ஒரு குடம் தண்ணீர் கொண்டு வந்து கொடுங்கள். படிப்பும் பணிவிடையும் ஒரே வீட்டில் வாழும் என்பதை நீங்களே காட்டுங்கள். கூட்டிய கணக்கு உங்களுக்கே எதிராக வந்தாலும், அதை மறைக்காமல் எழுதுங்கள். அந்தத் துணிவுதான் நைட்டிங்கேல் அம்மையார் ஏந்திய உண்மையான விளக்கு.

இந்த ஆண்டு பரிசு பெறும் பிள்ளைகளுக்கு என் வாழ்த்துகள். பரிசு பெறாத பிள்ளைகளுக்கு இன்னும் கொஞ்சம் கூடுதலான வாழ்த்துகள். நம் தோட்டத்து லயத்திலிருந்தும் ஒருநாள் அப்படி ஒரு விளக்கு புறப்படட்டும்!

வாழ்க தமிழ்! வளர்க நம் பள்ளி!